பேராச்சியின் நான்கு முன்பற்கள்

12 ஜூன் 2023

மழை இன்னும் பிடிக்கவில்லை. கிளினிக்கில் ஏ.சி. ஒழுகுகிறது, ஜூனியர் டாக்டர் ஷ்யாமளா அதன் கீழே ஒரு டப்பாவை வைத்திருக்கிறாள். திலக் நகரில் இந்த இடத்தை எடுத்துப் பதினோரு வருடம். ஒரு ஜூனில்கூட அது ஒழுகாமல் இருந்ததில்லை.

மதியம் தாராவியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பேராச்சி, இருபத்திரண்டு வயது. கூட அம்மா விஜயராணி. மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் சமைக்கிறாளாம். பெண் சயானில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். விமான நிலையக் கவுன்ட்டர் வேலைக்கு மூன்று முறை போய், மூன்று முறையும் கடைசிச் சுற்றில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும். மேல்வரிசை உதட்டைத் தாண்டி நிற்கிறது. பேசும்போது கை தானாக வாய்க்குப் போகிறது.

“மத்ததெல்லாம் விடுங்க மேடம். சிரிக்கும்போது இந்தக் கைய எடுக்கணும். அம்புட்டுதான்.”

எக்ஸ்ரே எடுத்தோம். மேல் முன்பற்கள் நான்குக்கும் வேர் மெலிந்து, நுனி சீவின பென்சில் மாதிரி இருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டே ஷ்யாமளா சொன்னாள்: “மேடம், இந்த மாதிரி வேர் சீக்கிரம் கரையும்னு படிச்சிருக்கேன். ரொம்ப மெதுவா இழுக்கணும் இல்லையா?” படித்து முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது இவளுக்கு.

“எனக்குச் சொல்லித் தரியா?” என்றேன். முகம் சுண்டிப்போய்விட்டது.

பேராச்சியிடம் வேரைப் பற்றிச் சொல்லவில்லை. பயந்துவிடுவாள். இரண்டு வருடம் ஆகும், முடிந்தால் அதற்கும் முன்னால் என்றேன்.

3 ஜூலை 2023

இடம் வேண்டுமென்று பக்கப் பற்கள் நான்கைப் போன வாரம் எடுத்தாயிற்று. இன்று கிளிப் ஒட்டினேன். பல் எப்படி நகரும் என்று கேட்டாள். அது எலும்பில் அடித்த ஆணி இல்லை, கம்பி தள்ளுகிற பக்கம் எலும்பு கரையும், விட்டு வந்த பக்கம் புது எலும்பு வளரும், அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக நகரும் என்றேன்.

“எங்க பக்கம் மாதிரிதான் மேடம். ஒரு பக்கம் இடிப்பான், ஒரு பக்கம் கட்டுவான்.” பிறகு யோசித்து, “இடிக்கிறவன் வேகமா இடிச்சு, கட்டுறவன் மெதுவா கட்டுனா?”

வாயைத் திற என்றேன்.

21 நவம்பர் 2023

கடிதம் வந்துவிட்டது. அடுத்த செப்டம்பர் மாநாட்டில் எனக்கு இருபது நிமிடம்! எட்டு வருடமாக விண்ணப்பித்து, எட்டு வருடமும் யாருடைய மாணவர்களோ மேடையேறுவதைக் கீழே உட்கார்ந்து பார்த்தவள் நான்.

தலைப்பு: பல் எடுத்துச் செய்யும் சிகிச்சையைப் பதினான்கு மாதத்தில் முடிப்பது. காட்டுவதற்குப் பேராச்சியைவிடப் பொருத்தமான வாய் கிடையாது. முதல் நாள் படம் பார்க்கிறவர்களைத் தூக்கிவாரிப் போடும்.

அப்படியென்றால் ஆகஸ்டுக்குள் முடிய வேண்டும்.

5 டிசம்பர் 2023

பேராச்சியின் பற்களைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கை மாற்றினேன். இழுப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. “ரெண்டு நாள் வலிக்கும்.” தலையாட்டினாள். எதற்கும் தலையாட்டுகிறாள். ஆறாவது மாத எக்ஸ்ரே எடுக்க வேண்டிய நேரம். ஷ்யாமளா அறையைத் தயார் செய்துவிட்டாள்.

“அப்பறம் பாத்துக்கலாம்” என்றேன்.

ஏன் எடுக்கவில்லை? எடுத்தால் பார்க்க வேண்டியிருக்கும்.

19 பிப்ரவரி 2024

பேராச்சிக்குப் பல் எடுத்த இடைவெளி பாதி மூடிவிட்டது. வேகம் எனக்கே ஆச்சரியம்.

18 மார்ச் 2024

பேராச்சி வரவில்லை. போனை எடுக்கவில்லை.

23 ஏப்ரல் 2024

இரண்டு மாதம் கழித்து இன்று வந்து நிற்கிறாள். ஸ்பிரிங் ஒரு பக்கம் கழன்றிருக்கிறது. மறு பக்கத்தில் இழுவிசையே இல்லை. பற்கள் பிப்ரவரியில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வரவேற்பறையில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கத்தினேன். “இது விளையாட்டா? உனக்காக ஒரு தேதி வெச்சிண்டு நான் நாள் எண்ணிண்டிருக்கேன், நீ ஊர் சுத்திட்டு வரியா?”

“அப்பாக்குப் பக்கவாதம் மேடம். ஊர்ல, நாங்குநேரில. அம்மைக்கு வேலைய விட்டுட்டுப் போவ முடியாது. நீ போயி பாத்துக்கோன்னு என்னைய அனுப்புனா.”

“இப்போ எப்படி இருக்கார்?”

“செத்துட்டாரு. இன்னைக்கு இருபது நாளாச்சு.”

நான் உள்ளே கூப்பிட்டுப் புது ஸ்பிரிங் போட்டேன். முன்னதைவிடக் கொஞ்சம் பலமானது.

8 ஜூலை 2024

இன்னும் ஒரு மில்லிமீட்டர்தான் பாக்கி. பேராச்சி கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, கையை மடியிலேயே வைத்துக்கொண்டு சிரித்தாள். ஷ்யாமளா கைதட்டினாள். நான் ஆறு போட்டோ எடுத்தேன்.

எழுந்து போகும்போது சொன்னாள்: “முன்னாடி ரெண்டு பல்லும் நாக்கு பட்டா அசையுது மேடம். அப்படித்தான் இருக்குமா?”

கொஞ்சம் அசைவது சகஜம். தொட்டுப் பார்த்தேன்.

இது கொஞ்சம் இல்லை.

எக்ஸ்ரே எடுத்தேன். நான்கு பல்லிலும் வேரில் பாதி இல்லை. நுனி கரைந்து மொட்டையாக நிற்கிறது. முன்பக்க எலும்பும் தாள் மாதிரி மெலிந்திருக்கிறது. ஷ்யாமளா எனக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு என் காதில் கேட்டது.

“நாளைக்கு வா, சொல்றேன்” என்று பேராச்சியை அனுப்பிவிட்டேன்.

எலும்பு திரும்ப வளரும். வேர் வளராது. இருபத்திமூன்று வயசுப் பொண்ணுக்கு — கடவுளே, என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்?

9 ஜூலை 2024

காலையில் என் கணவர் அணுசக்தி நகர் ஸ்டாஃப் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வைத்தீஸ்வரன் எப்போதும்போல் ஷூ லேஸைக் கட்டியபடியே கேட்டார். “அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு. இப்பவே கம்பிய எடுத்துடு. என்ன ஆயிடப் போறது, மாநாடு போகும். அவ்வளவுதானே?”

அவ்வளவுதானாம்.

பேராச்சி பத்து மணிக்கு வந்தாள், அம்மாவோடு. நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன். வந்தது வேறு. “நடுவுல ரெண்டு மாசம் வராம விட்டுட்டா இல்லையா, அதான். கவனிப்பு விட்டுப்போனதுல வேர் கெட்டுப்போச்சு. நான் என்ன பண்ண முடியும்?”

விஜயராணி மகளைத் திரும்பிப் பார்த்தாள். “ஏட்டி, டாக்டரம்மா அம்புட்டு தடவ சொல்லியும் ஒரு போன் போட ஒனக்கு வாயில்லையா?” முதுகில் ஓர் அடி. ஊருக்கு அனுப்பியவள் இவள்தான். அது அவளுக்கு நினைவே இல்லை. பேராச்சியும் நினைவுபடுத்தவில்லை.

“ஸாரி மேடம்,” என்றாள் என்னிடம்.

உண்மை என்னவென்றால் — இங்கேயாவது எழுதுகிறேன் — கம்பி இழுக்காமல் கிடந்த அந்த இரண்டு மாதம்தான் அவளுடைய வேர்களுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு. அவள் ஒழுங்காக வந்திருந்தால் இந்நேரம் பல் கையில் இருந்திருக்கும்.

10 ஜூலை 2024

அவளுடைய கேஸ் தாளில் போன வருடம் ஜூன் 12ஆம் தேதிக் குறிப்புக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. ‘வேர் கரையும் அபாயம் நோயாளிக்கும் தாய்க்கும் விளக்கப்பட்டது’ என்று எழுதினேன். அதே நீலப் பேனா கிடைக்கும்வரை தேடினேன்.

15 ஜூலை 2024

கம்பியை எடுக்கவில்லை. ஒரு மில்லிமீட்டர் பாக்கி. இடைவெளி தெரியும் போட்டோவை மேடையில் காட்ட முடியாது.

ஷ்யாமளா கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் நின்றாள். “இப்ப நிறுத்தினா மிச்ச வேராவது நிக்கும் மேடம். தெரிஞ்சே இழுக்கறது... இது தப்பு.”

“உன் எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட்ல நான்தான் கையெழுத்துப் போடணும், தெரியுமோல்லியோ?”

மாலையில் தன் டிஃபன் டப்பா, வெள்ளைக் கோட், இரண்டு புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சர்ட்டிஃபிகேட் கேட்கவில்லை.

24 ஆகஸ்ட் 2024

இடைவெளி மூடியாயிற்று. கிளிப்பைக் கழற்றினேன். ஒவ்வொன்றாக எடுக்கும்போது பல்லை விரலால் அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆடாமலிருக்கப் பின்பக்கம் ஒரு கம்பி ஒட்டி முன்பற்கள் நான்கையும் கோரைப்பற்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். ஆப்பிள், கொய்யா எதையும் முன்பல்லால் கடிக்காதே என்றேன். எத்தனை நாளைக்கு என்று கேட்டாள்.

“எப்பவுமே.”

“பரவால்ல மேடம், கொய்யா எனக்குப் பிடிக்காது.” சிரித்தாள். என்ன அழகான சிரிப்பு. நான் செய்தது.

21 செப்டம்பர் 2024

பத்தொன்பது நிமிடத்தில் முடித்தேன். எக்ஸ்ரே காட்டவில்லை. முதல் போட்டோ, கடைசி போட்டோ. எழுந்து நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு வயதான டாக்டர், “வேர்கள் எப்படி?” என்று கேட்டார். நன்றாகத் தாங்கின என்றேன்.

வீட்டில் இவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார்.

29 நவம்பர் 2024

பேராச்சிக்கு விமான நிலையக் கவுன்ட்டரில் வேலை கிடைத்துவிட்டது. முந்தாநாள் விஜயராணி ஒரு டப்பா நிறைய அதிரசம் கொண்டுவந்தாள். என் காலைத் தொட வந்தாள். நகர்ந்துகொண்டேன், ஆனால் தாமதமாகத்தான்.

அப்போ, எல்லாம் நல்லதுக்குத்தானா? இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

6 பிப்ரவரி 2025

குர்லாவில் ரயில் ஏறும்போது யாருடைய முழங்கையோ வாயில் இடித்ததாம். இன்னொருத்தியாக இருந்தால் உதடு வீங்கியிருக்கும், அவ்வளவுதான். இவளுக்குக் கம்பி பிய்ந்து, மேல் முன்பல் ஒன்று வெளியே வந்துவிட்டது. கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். சீருடையின் காலரில் ரத்தம்.

“திரும்ப வெச்சிடலாமா மேடம்?”

கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே முழுப் பல். கீழே வேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மொட்டு. எங்கே வைப்பது? எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

“முடியாதும்மா.”

“நான் அன்னைக்கே ஒழுங்கா வந்திருக்கணும்,” என்றாள்.

சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. அவளும் நானும் அந்தப் பல்லும்தான்.

20 மார்ச் 2025

பொய்ப்பல் பொருத்தினேன். பேசும்போது சற்றே ஆடுகிறது. ‘ஸ’ வரும் இடத்தில் காற்று கசிகிறது. கவுன்ட்டரிலிருந்து எடுத்து, பின்னால் லக்கேஜ் பிரிவில் போட்டிருக்கிறார்கள். அங்கே யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டாமாம். கை பழையபடி வாய்க்குப் போகிறது.

11 அக்டோபர் 2025

இன்று மூன்று பேராக வந்தார்கள். விஜயராணி, பேராச்சி, நான் இதுவரை பார்த்திராத தங்கை இசக்கி. பதினேழு வயது. அதே மேல்வரிசை.

“இவளுக்கும் நீங்கதான் பாக்கணும் டாக்டரம்மா. இவ பெரியவ மாதிரி கெடையாது, சொன்ன நாளைக்கு வந்து நிப்பா.”

எக்ஸ்ரே எடுத்தேன். அதே மெலிந்த வேர், அதே பென்சில் நுனி. குடும்பத்திலேயே வருவது. இவளுக்கு மிக மெல்லிய இழுப்பு போதும், ஆறு மாதத்துக்கொரு முறை படம் எடுத்துப் பார்க்க வேண்டும், கரைந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். இதைச் சொன்னால் ஒரே ஒரு கேள்வி வரும்: அப்போ பெரியவளுக்கு ஏன் இப்படி ஆச்சு?

இவளை நான் தொடக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

“நான் எடுத்துக்கறதா இல்லைம்மா. கம்பியே வேண்டாம் இவளுக்கு. பல்லு நன்னாத்தான் இருக்கு.”

விஜயராணிக்குப் புரிந்துவிட்டது, தவறாக. சட்டென்று மூத்தவள் பக்கம் திரும்பினாள். “பாத்தியாட்டி, ஒன்னால இவளுக்கும் இல்லன்னு ஆயிப்போச்சு!” பிறகு என்னிடம், கை கூப்பி: “பெரியவ செஞ்சதுக்குச் சின்னவள தண்டிக்காதீங்க டாக்டரம்மா.”

பேராச்சி வாயைப் பொத்தியபடியே முன்னால் வந்தாள். “நானே கூட்டிட்டு வாரேன் மேடம். லீவு போட்டாவது வாரேன். ஒரு நாளு தவறுனாலும் என்னையக் கேளுங்க.”

அப்படி இல்லை என்று நான் சொல்லவில்லை. “சரியா வராதும்மா, வேண்டாம்,” என்றேன். அடுத்த பேஷண்டை உள்ளே கூப்பிட்டேன். படியில் இறங்கும்வரை விஜயராணி மகளைத் திட்டும் சத்தம் கேட்டது.

30 அக்டோபர் 2025

பேராச்சியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. வாய் நிறையக் கிளிப்போடு இசக்கி சிரிக்கிறாள். தாராவி மெயின் ரோட்டில் புதிதாக ஒரு கிளினிக் திறந்திருக்கிறார்களாம். எட்டே மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார்களாம். எக்ஸ்ரே எதுவும் எடுக்கவில்லை, நேரே ஒட்டிவிட்டார்களாம்.

கீழே தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறாள்: ‘இவளை ஒரு நாள்கூடத் தவற விட மாட்டேன் மேடம். ப்ராமிஸ்.’

பதில் அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், அழித்தேன்.

கடைசியில் ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் போட்டுவிட்டு, அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டேன்.