முட்டிக்கு வெட்டிய அரை மார்க்

என் செல்லத் தம்பி தேவராசு,

நீ போன பிறகு வருகிற முதல் போகி இது. கம்போங் செட்டியில் உன் வீட்டில் இப்போதே வாழையிலைக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். போகியன்று முன்னோருக்கு இலை போட்டுச் சோறு படைக்கும் உங்கள் பார்ச்சுவில், இத்தனை காலம் பரிமாறுகிற பக்கம் நின்றாய். இந்த வருஷம் சாப்பிடுகிற பக்கம் உட்காரப் போகிறாய். சௌகரியமாக இருக்கிறாயா?

உனக்கு ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறேன். நம் சண்டைக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், நீ குறுக்கே பேசாமல் கேள்.

ஜப்பான்காரன் காலம். உன் அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, அவருக்கு முதல் பார்ச்சு வரவிருந்த நேரம். வீட்டில் அரிசி கிடையாது. காலையில் மரவள்ளிக்கிழங்கு, மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, பலகாரம் என்று ஆசைப்பட்டால் அதுவும் மரவள்ளிக்கிழங்கு மாவில்தான். உன் அம்மா ஒரே பிடிவாதமாக இருந்தார். உங்கள் வீட்டில் பேசுகிற மலாயில், "நாசி தாடா, பார்ச்சு மச்சாம் மானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சோறில்லாமல் எப்படிப் படைப்பது என்று அதற்கு அர்த்தம். புருஷனுக்கு முதல் இலையில் கிழங்கை வைக்க எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு வரும்?

அப்போதுதான் பாடாங் மைதானத்தில் இளைஞர்களுக்குக் குறுக்குக் கம்பியில் சுழலும் கம்பி விளையாட்டுப் போட்டி என்று அறிவித்தார்கள். முதல் பரிசு ஒரு மூட்டை அரிசி. நீ அன்றிலிருந்து தரையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. கோயில் பக்கத்து மண்ணில் இரண்டு கம்பம் நட்டுக் குறுக்கே கட்டியிருந்த தண்ணீர்க் குழாயில்தான் தொங்கிக்கொண்டிருந்தாய். தின்பது கிழங்கு, சுற்றுவது முழு வட்டம். உன்னைப் பார்க்க எனக்குத்தான் தலை சுற்றியது.

நான் துக்காங் எமாஸ் தெருவில் இருந்தவன், உனக்குக் கூடப் பிறக்காத அண்ணன். ஜப்பான் பாஷை கொஞ்சம் படித்திருந்தேன், யுத்தத்துக்கு முன்னால் கம்பியும் ஆடியிருந்தேன். அதனால் என்னையும் நடுவராக உட்கார வைத்துவிட்டார்கள். மற்ற இருவரில் ஒருவர் ஜப்பான் வாத்தியார், நாங்கள் சென்செய் என்று கூப்பிடுவோம். கோபம் வந்தால் கை நீளும் ஆள். இன்னொருவர் ஒரு மலாய் வாத்தியார், அவரைச் சிக்கு என்போம். அவருக்கு யாரையும் குறை சொல்ல மனசு வராது.

விதிகள் சென்செய் போட்டவை. எல்லோருக்கும் பத்து மார்க் தொடக்கம். முட்டி மடங்கினால் அரை மார்க் கழியும். இறங்கும்போது கை மண்ணில் பட்டால், விழுந்ததாகக் கணக்கு, ஒரு மார்க் கழியும். மூன்று நடுவரும் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் தள்ளிவிட்டு நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வார்கள்.

உஜோங் பாசிரிலிருந்து வந்த மீனவர் வீட்டுப் பையன் ஒன்பது வாங்கி முன்னால் நின்றான். கடைசியாக நீ ஏறினாய். என்ன ஆட்டம் அது தம்பி. இரண்டாவது வட்டத்தில் மேலே போகும்போது முட்டி கொஞ்சம் மடங்கியது, மற்றபடி கண்ணை எடுக்க முடியவில்லை. குட்டிக்கரணம் போட்டு இறங்கினாய், கால் சேர்த்து அசையாமல் நிமிர்ந்து நின்றாய். அதற்குப் பிறகு குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய்.

கோயில் மண்ணில் பழகிய உனக்கு அது மூச்சு விடுவது மாதிரி. சென்செய்க்கு எப்படித் தெரியும்? கை மண்ணில் பட்டதை மட்டும் பார்த்தார். எட்டரை என்று எழுதினார். சிக்கு வழக்கம்போல பத்து போட்டார். எல்லாக் கண்ணும் என் சிலேட்டுக்கு வந்தன. ஒன்பதரை.

நான் கைக்கு வெட்டவில்லை, முட்டிக்கு மட்டும் வெட்டினேன். கைக்கும் வெட்டியிருந்தால் எட்டரை, அரிசி உஜோங் பாசிருக்குப் போயிருக்கும். சென்செய் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கைக்கு ஏன் கழிக்கவில்லை, உன் கூட்டாளி என்பதாலா என்று கேட்டார். தெரிந்த ஜப்பான் வார்த்தைகளையெல்லாம் திரட்டி, அவன் முதலில் நின்றான், ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது, பிறகு தொட்டது வணக்கம், நீங்கள் ஆளுக்குக் குனிகிறீர்கள், இவன் மண்ணுக்குக் குனிகிறான் என்றேன். எவ்வளவு புரிந்ததோ. மறுபடி இறங்கிக் காட்டச் சொல் என்றார்.

நான் உன் காதருகே வந்து கெஞ்சியது நினைவிருக்கிறதா?

"இந்தத் தடவை மண்ணைத் தொடாதடா. சும்மா இறங்கி நில்லு, போதும்."

"தா போலே, அண்ணே," என்றாய். முடியாதாம்.

ஏறினாய், சுழன்றாய், இறங்கினாய். நட்ட கம்பம் மாதிரி நின்றாய். சென்செய் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நீயும் நின்றுகொண்டே இருந்தாய். அப்புறம் சாவகாசமாகக் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாய். கூட்டத்தில் நின்ற உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நீ நிமிர்ந்து, சென்செய் பக்கம் திரும்பி, அவர்கள் முறைப்படி இடுப்பை வளைத்து அவருக்கும் ஒரு வணக்கம் வைத்தாய்.

அவர் தன் சிலேட்டை அழிக்கவில்லை. என் சிலேட்டைக் காட்டி, நடுவர் எழுதியது எழுதியதுதான், அப்படியே இருக்கட்டும் என்றார். எட்டரை, ஒன்பதரை, பத்து. நடுவில் நின்றது ஒன்பதரை. மூட்டையை நீ தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய், தோற்றுப்போன உஜோங் பாசிர்ப் பையனும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு உங்கள் வீடு இருக்கும் காஜா பெராங் வரைக்கும் வந்தான். உன் அம்மா அவனையும் பார்ச்சுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்.

உன் அப்பா இலையில் வெள்ளைச் சோறு ஆவி பறந்தது. எனக்கு அழுகை வந்தது, உனக்கும் வந்தது. ஆனால் சாப்பிட உட்கார்ந்து முதல் கவளம் வாயில் இருக்கும்போதே நீ ஆரம்பித்துவிட்டாய்.

"லுத்துட் லுருஸ், அண்ணே."

முட்டி நேராகத்தான் இருந்ததாம். பத்து வந்திருக்குமாம், நான் கெடுத்துவிட்டேனாம். அன்று தொடங்கியது. உன் கல்யாணத்தில் மாலையோடு சொன்னாய். என் மகள் கல்யாணத்தில் பந்தியில் சொன்னாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில், கடைசியாக என்னைப் பார்த்துச் சிரித்தபோதும் முட்டியைத்தான் தட்டிக் காட்டினாய்.

இனி செய்திக்கு வருகிறேன். போன வாரம் உன் கொள்ளுப்பேரன் போட்டியில் ஆடினான். இப்போது இரண்டு குழு நடுவர்கள். ஒரு குழு வித்தையின் கஷ்டத்துக்கு மார்க் கூட்டுகிறது, இன்னொன்று பத்திலிருந்து தப்பைக் கழிக்கிறது. இரண்டையும் சேர்த்தால் பத்தைத் தாண்டிப் போகிறது. இது தெரிந்திருந்தால் நீ சும்மா செத்திருக்க மாட்டாய்.

பையன் இறங்கினான், நின்றான், மண் இல்லாத மெத்தையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். போட்டி முடிந்ததும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய் நடுவரைக் கேட்டேன்.

"நின்னு காட்டிட்டானே தாத்தா. அப்புறம் தொட்டதுக்கு ஒண்ணும் கழிக்க மாட்டோம்," என்றார் அந்த இளைஞர்.

"முட்டிக்கு?"

"அது மடங்கிச்சு. வெட்டிட்டோம்."

கேட்டுக்கொண்டாயா? இரண்டிலும் நான் சொன்னதே சரி. இன்னொன்றும் சொல்கிறேன், உயிரோடு இருந்தபோது நீ காதில் வாங்காதது. அன்று சென்செய் எட்டரை போட்டது எப்படி? கைக்கு ஒன்று, முட்டிக்கு அரை. நானும் முட்டிக்கு வெட்டியிருந்ததை அவர் பார்த்தார். கூட்டாளிக்கும் வெட்டுகிறவன் என்று தெரிந்துதான் கைக்கு நான் சொன்னதை நம்பினார். நீ காலமெல்லாம் திட்டிய அந்த அரை மார்க்தான் உன் அப்பா இலைக்குச் சோறு போட்டது.

போகிக்கு வருகிறேன் தம்பி, வாக்கு. உன் இலைக்கு அரிசி என் வீட்டிலிருந்துதான் வரும், உன் மகனிடம் சொல்லிவிட்டேன். சோறும் குழம்பும் நானே பரிமாறுவேன், மார்க்கை மட்டும் கேட்காதே. படைத்துவிட்டு, முன்னோர் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தியதும் எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். நான் மட்டும் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். வாயில் சோற்றோடு நீ அதையே மறுபடி சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

அரை மார்க்கைத் திருப்பித் தராத உன் அண்ணன்,
மாணிக்கம்