காப்பிப்பூவுக்கு அடியில் இருந்த சீட்டு

என் தங்கமான அக்காவுக்கு,

பழக்கதோஷத்தில் தங்கம் என்று எழுதிவிட்டேன். இன்றைக்கு உன்மேல் எனக்கு வருவது கோபம்தான்.

நீ போய் ஏழு மாதமாகிறது. நாகலூரில் ஒரு வாரமாக மூடுபனி விலகவில்லை. நாம் செய்த வாழ்த்து அட்டைகளில் ஐந்தை ஏற்காட்டுக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். ஈரத்தில் துணி உப்பிவிட்டதாம். எல்லாம் நீ கடைசியாகத் தைத்த காப்பிப்பூ அட்டைகள். துணியைப் பிரித்தெடுத்து, இஸ்திரி போட்டு, புது அட்டையில் ஒட்டலாம் என்று உட்கார்ந்தேன்.

நம் வேலை உனக்குத் தெரியாததா? துணி சுருங்காமலிருக்க அடியில் ஒரு தாளை வைத்து நீ மெஷினில் எம்பிராய்டரி போடுவாய். பழைய பேப்பர், பள்ளிக்கூட நோட்டு, கைக்கு எது கிடைக்கிறதோ அது. பிறகு அந்தத் தாளைக் கிழித்தெடுத்துவிட்டுத் துணியை அட்டையில் ஒட்டுவது என் வேலை. நூலுக்குள் மாட்டிக்கொண்ட துண்டுகளை அப்படியே விட்டுவிடுவேன். ஒட்டிய பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?

நான் பார்த்தேன், அக்கா. மூன்றாவது அட்டையில், இலைக்கு அடியில், நீல மையில் உன் பெயர். பூவுக்கு அடியில் "மார்பில் கட்டி, உடனே சேலம்" என்று நம் ஊர் நர்ஸம்மாவின் குண்டுக் கையெழுத்து. ஓரத்தில் தேதி முத்திரை. நீ படுக்கையில் விழுந்ததற்கு ஆறு மாதம் முந்தைய தேதி.

தெரிந்தேதான் அதை மெஷினில் வைத்தாயா? இல்லை, ஏதோ ஒரு தாள் என்று வைத்தாயா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

கையைத் தூக்கவே சிரமப்படுகிறாயே என்று அப்போதே கேட்டேன். "நாளெல்லாம் மெஷின்ல உக்காந்தா தோளு வலிக்காதா கண்ணு? நீ ஒட்டு, சீசனுக்குள்ள முடிக்கோணும்" என்றாய். நானும் ஒட்டினேன். உன்னைப் பிழைக்க வைத்திருக்கக்கூடிய சீட்டை என் கையாலேயே கிழித்து அடுப்பில் போட்டிருக்கிறேன். பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். ஒரு வரி படித்திருக்கக் கூடாதா?

உன் காரியத்தன்று நடந்தது உனக்குத் தெரியாது. நர்ஸம்மா மாலையோடு வந்தார். நான் எழுந்துபோய் வாசலிலேயே மறித்தேன்.

"நீங்க அப்பவே சொல்லியிருந்தா எங்கக்கா பொழச்சிருக்குமுங்க! எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊட்டுக்கு வாரீங்க?"

"எழுதிக் குடுத்தேன் கண்ணு. சேலம் போயிட்டு வந்துட்டேன், ஒண்ணுமில்லைன்னுட்டாங்கன்னு உங்கக்காதான் சொல்லுச்சு."

"செத்தவ மேல பழியப் போடாதீங்க!"

ஊரே கேட்கக் கத்தினேன். மாலையைப் படியில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். அதிலிருந்து எஸ்டேட் லைன் வீடுகளில் பாதிப்பேர் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாம் என் வாய் செய்த வேலை. உனக்காகத்தானே அப்படி ஆடினேன்? நீ எங்கள் எல்லாரிடமும் பொய் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாய்.

மாமாவிடம் துணியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட்டைய ஒட்டிப்போடு. போனவ நல்லவளாவே போவட்டும்" என்றார். உன் மகள் கவிதா அதைத் தடவிப் பார்த்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா சித்தி?" என்று மட்டும் கேட்டாள்.

ஒட்டிவிட எனக்கும் ஆசைதான். பசையைக் கலக்கிக்கூட வைத்தேன். அது கிண்ணத்திலேயே காய்ந்துவிட்டது.

புதன்கிழமை சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடும் நாள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள். அந்தத் துணியைப் பின்பக்கம் தெரிய நர்ஸம்மாவின் மேசைமேல் வைத்து, அவர்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்பேன். உன் பேர் கெடும். கெடட்டும், அக்கா.

கவிதாவையும் கூட்டிப் போகிறேன். இரண்டு பேரும் உடம்பைக் காட்டிவிட்டுத்தான் திரும்புவோம். அவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே சேலம் பஸ் ஏறுவோம். இது சத்தியம்.

உன் சீட்டைக் கிழித்த தங்கச்சி,
மல்லிகா