முதல் வகுப்பு அடக்கம்

சேசு மரி சூசை

மதுரை,
12 ஆகஸ்டு 1936

அன்புள்ள மகன் லூர்துராஜுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம் என்று தொடங்குவது நம் வழக்கம். இந்த முறை அம்மா மட்டும் சுகம் என்று எழுத நினைத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. கொழும்பில் மழை எப்படி? இங்கே வைகை மணலாகக் கிடக்கிறது.

உன் கடிதம் வந்தது. இன்ஷூரன்ஸ் பாலிசியை இப்போது தொடக் கூடாது, அது கோவிலில் முதல் வகுப்புக் கட்டணம் கட்டி அப்பாவை அடக்கம் செய்வதற்கு என்று எழுதியிருக்கிறாய். உன் தாய்மாமன் சவரிமுத்துவும் உன் கட்சிதான். மூன்று குருக்கள், பீடத்துக்குக் கறுப்புத் துணி, பெரிய மணி என்று எல்லாம் முடிவு செய்து, பேண்டுக்காரரிடம் பேசியும் விட்டார். தேதி மட்டும் என்னால் தாமதமாகிறது. “கவலைப்படாதீக மச்சான், ஊரே அசந்து போகும்” என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் சொன்னதை ஒளிக்காமல் எழுதுகிறேன். வயிற்றுக் கட்டிக்குக் கத்தி வைத்துப் பயனில்லையாம். வலிக்கு ஊசி உண்டு. காலையும் மாலையும் வந்து ஊசி போட்டு, என்னைப் புரட்டித் துடைத்துவிட ஒரு நர்ஸ் அம்மாளும் உண்டு. இரண்டுக்கும் பணம் வேண்டும். ஓய்வுபெற்றபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த பணம் உன் தங்கை ஆனிமேரியின் கல்யாணத்தோடு போயிற்று.

ஏஜண்டு ஹாலாஸ்யம் வந்து விளக்கினார். பாலிசியை இப்போதே முடித்துக்கொண்டால் கம்பெனி பாதிதான் தருமாம். நான் போன பிறகு என்றால் முழுவதும். ஆயுள் முழுக்கக் கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கு, சில சமயம் பாதி முழுவதைவிடப் பெரிது என்று இப்போதுதான் புரிகிறது. கம்பெனி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை வருஷமும் நான் நெடுநாள் இருக்க வேண்டும் என்று மனதார விரும்பியவர்கள் அவர்கள்தான். ஆனால் நீ கொழும்புக்குப் புறப்பட்டபோது, கடன்காரர் கை படாமல் இருக்கட்டும் என்று பாலிசியை உன் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டேன். கடன்காரர் யாரும் வரவில்லை. இப்போது என் கையும் படாது. நீ கையெழுத்திட்டால்தான் ஆகும்.

இனி எழுதுவதை எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னாள். போன ஞாயிறு காலையில் என்னைத் தூக்கி உட்கார வைக்கும்போது அவளும் சேர்ந்து விழுந்தாள். பால்காரர் முத்திருளன் வரும்வரை இருவரும் தரையில் கிடந்தோம். எங்களை எழுப்பிவிட்டு அவர், “படுத்த எருமையத் தூக்கவே எங்களுக்கு நாலு பேரு வேணும், நீ ஒத்தையில தூக்குறியே ஆத்தா” என்றார். உவமையில் நான் குறை காணவில்லை. அம்மா சிரித்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. இன்னும் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். அன்று பூசைக்கும் போகவில்லை. கேட்டதற்குச் செருப்பு அறுந்துவிட்டது என்றாள். அவள் என்றைக்குச் செருப்புப் போட்டாள்?

செத்தவனைத் தூக்க நாலு பேர் கூப்பிடாமலே வருவார்கள். அதற்கு முன்னால் தூக்கத்தான் உன் அம்மா ஒருத்தி.

முதல் வகுப்பு வேண்டாம் மகனே. உன்னை வழியனுப்பத் தனுஷ்கோடி வரை வந்ததே மூன்றாம் வகுப்பில்தான். ஒரு குருவும் சின்ன மணியும் போதும். மேலே சீட்டைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள் என்று எந்த ஞானோபதேசத்திலும் நான் படித்ததில்லை.

பாலிசியை முடிக்கும் காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பு. தபாலை நம்ப முடியாது, மகன் நேரில் கொண்டு வந்தால் நல்லது என்பது ஹாலாஸ்யத்தின் அபிப்பிராயம். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா இன்று உன் பாயை உதறி வெயிலில் போட்டாள். இந்த இடுப்போடு இது எதற்கு என்றேன். பூச்சி விழுந்துவிடும் என்றாள்.

தேவமாதா உன்னைக் கடலிலும் கரையிலும் காக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
ராயப்பன்