ஆறு மாதப் பத்தியம்

திருவேற்காடு
6.9.1999

அன்பு மகன் தேவராஜுக்கு அம்மா எழுதுவது. கருமாரி புண்ணியத்தில் நானும் உன் தங்கச்சி கன்னியம்மாளும் சுகமாக இருக்கிறோம், நீயும் குவைத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. அவளைச் சமாதானம் செய்து வேப்பம்பட்டுக்கு, புருஷன் வீட்டுக்கே அனுப்பிவிடு என்று எழுதியிருக்கிறாய், நடந்தது தெரியாமல் எழுதிவிட்டாய். அவளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு, அடுக்குத் தும்மல் வந்ததும் மாமியார் தாயம்மா கரப்பான் நோய் என்று சொல்லி முட்டை, ஈரல், கீரை, தயிர் எல்லாவற்றையும் நிறுத்தி ஆறு மாதம் வெறும் ரசஞ்சோறு போட்டிருக்கிறாள், தும்மினபோதெல்லாம் மருந்துக்கடையில் கிருமியைக் கொல்லும் கேப்சூல் வாங்கி முழுங்க வைத்திருக்கிறாள், அதற்கும் அடங்கவில்லை என்றதும் ஒட்டிக்கொள்ளும் வியாதி என்று பையோடு நம் வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். பூந்தமல்லி டாக்டரம்மா ரத்தம் பார்த்தார், ஹீமோகுளோபின் ஏழுதான். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் அலர்ஜி கூடலாம், அந்தக் கேப்சூல் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையும் அழித்திருக்கலாம், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, ஆனால் இந்தப் பத்தியம் பெரிய தப்பு என்றார். சும்மா விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது இரும்பு மாத்திரையும் தயிரும் ஈரலுமாகத் தேறிவிட்டாள். அதைக் கேள்விப்பட்டு நேற்று தாயம்மாவும் மாப்பிள்ளை பார்த்தசாரதியும் கூட்டிப்போக வந்தார்கள். தெருவே மணக்கக் கறிக்குழம்பு வைத்திருந்தேன், ஆனால் இலையில் இரண்டு பேருக்கும் தண்ணீர் ரசமும் சோறும்தான். ஒட்டிக்கொள்ளும் வியாதி இருக்கிற வீடு சம்பந்தி, பத்தியமாகச் சாப்பிடுங்கள் என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது, எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்லமாட்டேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, கன்னியம்மாள் ஆறு மாதம் இப்படிச் சாப்பிட்டது சத்தியமாகத் தனக்குத் தெரியாது என்றார். நான்கூட மனம் இளகி, கறியை எடுத்துவரத் திரும்பினேன். கன்னியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள்.

"இன்னா தெர்யாது? என் பக்கத்துல குந்திகினுதானே தெனம் முட்டை துன்னே."

இரண்டு பேரும் பாதிச் சோற்றில் எழுந்து போனார்கள். நான் தாயம்மாவை மட்டுமே கறுவிக்கொண்டிருந்தேன், இந்த மனுஷனைப் பற்றிக் கன்னியம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது. இனி நீயும் அவளைப் போ என்று எழுதாதே.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும் ராசா, வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள். ஒன்றை மறக்காதே, மாப்பிள்ளைக்கு அங்கே வேலைக்கு விசா கேட்டிருக்கிறாயாம், அதை நிறுத்திவிடு. போனால் போகிறது, விசா கிடைக்கட்டும் என்றுதான் நான் சொன்னேன். உன் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இதை எழுதின பிறகுதான் கவரை ஒட்டவிடுவேன் என்கிறாள்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
குப்பம்மா