அடுத்த வியாழன் படகு

அன்புள்ள கோபக்காரிக்கு,

மூன்று நாள் ஆழ்ந்து யோசித்து நேற்று ஒரு முக்கிய முடிவெடுத்தேன்: இனி கட்டிலின் நடுவில்தான் படுப்பது. விடிந்தபோது வழக்கம்போல ஓரத்தில் கிடந்தேன்.

"நீங்களே போய் உங்க அமைதியைக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று படகுத்துறையில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாயே, அந்த அமைதி இந்தத் தீவில் ஏராளம். கடல், மணல், பதினெட்டு வீடுகள், வாரத்துக்கு ஒரு படகு.

விடுதிக்கார அக்கா முதல் நாளே இரண்டு தட்டு வைத்தார். "அம்மா எங்க சார்?"

மானத்தைக் காப்பாற்ற, "அடுத்த படகுல வர்றாங்க" என்றேன். வேறு செய்தியே இல்லாத ஊர், தீயாகப் பரவிவிட்டது. இன்று படகு வந்தபோது ஊரே துறையில் நின்றது. நான்கு அரிசி மூட்டைகள் இறங்கின.

"சண்டையா சார்?" என்றார் அக்கா.

"சேச்சே. அவங்களுக்குச் சளி."

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சளி பிடிக்க வைப்பாரு. தப்பு உங்க மேலதானே?"

நான் கடலைப் பார்த்தேன். பதினெட்டு வீட்டாரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா" என்றேன்.

அதே படகில் இந்தக் கடிதம் வருகிறது. சிரமமென்றால் நீ வர வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அடுத்த வியாழக்கிழமை மீனவர்கள் யாரும் கடலுக்குப் போகாமல் படகுக்காகத் துறையில் நிற்பது என்று முடிவாகியிருக்கிறது.

இப்படிக்கு,
உன் கணவன்