தூள் வாளி

கொலோன் போகும் ரயிலில்,
வியாழக்கிழமை காலை.

அன்பு மகள் தேனுஜாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் சுகமும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் சுகமும்தான் இன்றைக்கு எனக்கு வேண்டியவை. என் சுகத்தைப் பற்றி விசாரிக்காதே.

நீ இதை வாசிக்கும்போது நான் உன் குசினி மேசைக்கு எதிரே இருப்பேன். வாயால் சொல்வதை ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். உனக்கு என்னைத் தெரியும். வாயைத் திறந்தால் முதலில் கோபப்படுவேன், பிறகு பகிடி விடுவேன், கடைசியில் சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தேத்தண்ணி கேட்பேன். எழுதினால் அப்படித் தப்ப முடியாது.

அம்மா தந்துவிட்ட கறித்தூளை இனித் தொட வேண்டாம், நான் வாறன் என்று விடியவே பிருந்தனுக்குச் செய்தி அனுப்பினேன். ஏன் மாமா என்று மூன்று தரம் கேட்டு எழுதிவிட்டார். பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, அவருக்கும் வாசித்துக் காட்டு.

தூளில் வண்டு இருக்கவில்லை, தேனு. ஒன்பது நாளைக்கு முன் தொலைபேசியில் நான் சொன்னது பொய்.

அடியிலிருந்து சொல்கிறேன். நிலத்தடிக் கெல்லரில் நான் பூசி அடுக்கி வைக்கிற ஈயக் குண்டுகள் மீன்பிடித் தூண்டிலுக்குக் கட்டுகிறவை என்று நீயும் அம்மாவும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவை துப்பாக்கிக் குண்டுகள். துப்பாக்கி சுடுகிற கழகத்தில் நான் சேர்ந்தபோது அம்மா என்ன சொன்னாள் என்று உனக்கு நினைவிருக்கும். வெடிச்சத்தம் கேட்கக்கூடாது எண்டுதானே நாட்டை விட்டு வந்தனாங்கள், இஞ்ச காசு குடுத்துச் சுடப் போறியளோ என்று கேட்டாள். விட்டுவிட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். இரண்டு மாதம் விட்டேன். பிறகு மீன்பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே போனேன். மூன்று வருடமாக ஒரு மீனும் வீட்டுக்கு வரவில்லை. அவள் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஏன் போகிறீர்கள் என்று நீ கேட்பாய். அங்கே சத்தம் எப்போது வரும் என்பதை நான் தீர்மானிக்கிறேன். அதற்கு மேல் எனக்கு விளங்கப்படுத்தத் தெரியாது.

குண்டுகளைக் கழகத்துக் கொட்டிலில் எல்லோருமாக உருக்கி வார்ப்போம். அவற்றுக்குத் தூள் பூசுவது மட்டும் என் பொறுப்பு, ஏனென்றால் அது என் தொழில். இருபத்தாறு வருடம் இரும்புக் கேற்றுக்கும் சைக்கிள் சட்டத்துக்கும் தூள் பூசித்தான் உன்னைப் படிப்பித்தேன். தொழிற்சாலையில் தூளுக்கு மின்னேற்றி விசிறுவோம். வீட்டில் அது தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் குண்டையும் தூளையும் சின்னப் பிளாஸ்டிக் மணிகளையும் போட்டுக் குலுக்கினால், உரசலிலேயே தூள் பிடித்துக்கொள்ளும். பிறகு கெல்லரில் இருக்கிற பழைய சின்ன அவணில் வைத்துச் சூடாக்கி எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் வழவழப்பாக ஒரு சிவப்புத் தோல். மற்றவர்கள் பூசினால் திட்டுத் திட்டாக வரும், என்னுடையது வராது. பார், இப்போதும் பெருமை பேசுகிறேன்.

எதற்காக இதைப் பூசுகிறோம் தெரியுமா? வெறும் ஈயம் துப்பாக்கிக் குழாயில் படியக்கூடாது, கையில் படக்கூடாது என்பதற்காக. நான் கையுறை போட்டேன், முகமூடி போட்டேன். என் கையைப் பற்றி அவ்வளவு கவனம். குலுக்கும்போது ஈயம் உரசிப் படிகிற வாளியைப் பற்றி யோசிக்கவில்லை.

அது துருக்கிக் கடைத் தயிர் வாளி. அம்மா ஒரு தயிர் வாளியையும் எறிந்ததில்லை என்று உனக்குத் தெரியும், உன் வீட்டிலும் ஏழெட்டு இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்து, மூடியில் தடித்த பேனையால் ‘தூள்’ என்று எழுதினேன். தொழிற்சாலையில் ஒரு பெட்டியில் என்ன இருக்கிறது, ஆபத்தானதா என்று முழுதாக எழுதாத பெடியளைப் பேசாத பேச்செல்லாம் பேசினவன் நான். என் வீட்டில் ஒரு சொல்லோடு விட்டேன். தூள் என்றால் எனக்கு ஒன்று, அம்மாவுக்கு வேறொன்று என்று என் மண்டையில் ஏறவில்லை.

உனக்கு இப்போது கடைத்தூள் மணமே ஆகாது, தன்னுடைய தூள்தான் ஒத்துக்கொள்கிறது என்று அம்மா மூன்று கிலோ வறுத்தாள். வாளி போதாமல் கெல்லருக்கு இறங்கியிருக்கிறாள். சுவர்த் தட்டில் வெறுமையாக என் வாளி. மூடியில் தூள் என்று என் எழுத்து. உள்ளே அடியில் சிவப்பாக ஒட்டியிருந்தது பழைய மிளகாய்த்தூள் என்று நினைத்தாளாம். சுடுதண்ணியில் கழுவி, பல்கனியில் காயவைத்து, உன் தூளை அதற்குள் போட்டுப் பிருந்தனிடம் தந்துவிட்டாள். அது நடந்து மூன்று கிழமை.

ஒன்பது நாளைக்கு முன் வாளியைத் தேடினேன். சந்திரா, கெல்லரில கிடந்த வாளி எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். தேனுவின்ர தூளுக்கு எடுத்தனான், நீங்கள்தானே தூள் எண்டு எழுதி வைச்சிருக்கிறியள், அதுக்குள்ள வேற என்னத்தைப் போடுறது என்றாள். உடனே உனக்குப் போன் எடுத்தேன். அம்மா மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கு முன்னால் ஈயம் என்று சொல்ல வாய் வரவில்லை. வண்டு விழுந்திருக்கு, எறிஞ்சுவிடு என்று சொன்னேன். நீ சிரித்தாய். அரித்துப் பார்த்தனான், ஒன்றும் இல்லை, நல்லாயிருக்கு அப்பா என்றாய்.

அம்மா சிரிக்கவில்லை. மிச்சத் தூளைப் பேப்பரில் கொட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் இருந்து வண்டு தேடினாள். அடுத்த நாளும் தேடினாள். நாங்கள் இருக்கிற பீலெஃபெல்டில் எத்தனை வீட்டுக் கறி அவளுடைய தூளில் கொதிக்கிறது, ஒரு மனுசர் ஒரு குறை சொன்னதில்லை. பிள்ளைத்தாச்சிப் பெட்டைக்கு வண்டு விழுந்த தூளைக் குடுத்துவிட்டிட்டன் என்று கோயிலில் பிறேமா அக்காவிடம் சொல்லி அழுதாளாம். அதற்குப் பிறகு அவள் தூள் வறுக்கவில்லை. நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுப் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு நாளும் எப்படிச் சொல்லாமல் இருந்தீர்கள் என்று நீ கேட்க வேண்டும். ஊரில் பித்தளைச் சட்டிக்கு ஈயம் பூசித்தானே சமைத்தோம், ஒருவரும் சாகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா கழுவிவிட்டாள்தானே என்றும் சொல்லிக்கொண்டேன். நேற்று எனக்குப் பிரஷர் பார்க்க நேரம் குறித்திருந்த டெர்மின். போன இடத்தில் டொக்டரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அவ ஜெர்மனில் கேட்டா, பிளையா, சின்னா என்று. சட்டிக்குப் பூசுவது சின். குண்டு வார்ப்பது பிளை. ஜெர்மன்காரருக்கு இரண்டு உலோகம், இரண்டு பெயர். எனக்கு வாழ்நாள் முழுக்க இரண்டும் ஈயம். நான் பிளை என்றேன். அவ பேனையை வைத்துவிட்டு, யாருக்கு என்று கேட்டா. மகளுக்கு, ஐந்து மாதம் என்றேன்.

தாயின் இரத்தத்தில் போனால் பிள்ளைக்கும் போகும், நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை என்று சொன்னா. கழுவின வாளி என்பதால் மிகக் கொஞ்சமாகவும் இருக்கலாம், ஆனால் இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு இருக்கக்கூடாது, உடனே இரத்தம் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னா. நேற்றே உனக்கு எடுத்திருக்க வேண்டும். அம்மா பக்கத்தில் இருந்தாள் என்பது காரணம் இல்லை, அது சாட்டு. அதையும் எழுதிவைக்கிறேன்.

வூப்பெற்றால் ஸ்டேசன் வந்துவிட்டது, இனிக் கனநேரம் இல்லை. இதோடு வேறொரு தாள் வைத்திருக்கிறேன். வாளியில் என்ன இருந்தது, நான் பூசிய தூளின் பெயர், அம்மா எப்போது அதை நிரப்பினாள், எல்லாம் ஜெர்மனில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதையும் வாளியையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே உன் டொக்டரிடம் போக வேண்டும். டெர்மின் இல்லை என்பார்கள். இதைக் காட்டு, எடுப்பார்கள். அப்பாவின் மரியாதையைப் பார்த்து ஒன்றையும் குறைத்துச் சொல்லாதே. கூட வா என்றால் வருவேன். வராதே என்றால் உன் வீட்டுக் குசினியில் இருந்து, அந்தத் தூள் பட்ட கரண்டி, போத்தல் எல்லாவற்றையும் பொறுக்கிக் கட்டி வைக்கிறேன்.

என்னை ஏச வேண்டுமென்றால் ஏசு. ஆனால் டொக்டரிடம் போய் வந்த பிறகு.

ஒன்று மட்டும் கேட்கிறேன் மகள். இரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் அம்மாவுக்கு ஒரு தரம் எடு. துப்பாக்கியையும் குண்டையும் பற்றி நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். அது நான் இன்று பின்னேரம் வீட்டுக்குப் போய், அவளுக்கு முன்னால் இருந்து சொல்ல வேண்டியது. அவள் கதவைச் சாத்தினாலும் நியாயம்தான். நீ சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. அம்மா, உங்கட தூளில வண்டு இருக்கேல்லை. அதை அவள் முதலில் உன் வாயால் கேட்கட்டும்.

நல்லூரானை நம்பித்தான் இந்த ரயிலில் இருக்கிறேன். உனக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது. வந்தால் எனக்கு வரட்டும் என்று கேட்டிருக்கிறேன். பிள்ளை பிறந்த பிறகு, தூக்கத் தா என்று நான் கேட்கமாட்டேன். நீயாகத் தருகிற நாளில், கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன்.

உன்
அப்பா