கோப்பைத் துண்டில் உங்கள் பெயர்

இன்று காலையில் மகள் ஒரு சாப்பாட்டுக் கோப்பையைக் கைதவறி உடைத்துவிட்டாள். சத்தம் கேட்டதும், "அப்ப இண்டைக்குத் தேர்தல்தான்" என்று முன்னறையிலிருந்து நீங்கள் சொல்லப்போகிறீர்கள் என்று ஒரு கணம் காத்து நின்றேன். நீங்கள் போய் மூன்றாவது மாரியும் வந்துவிட்டது. என் காதுக்கு அது இன்னும் உறைக்கவில்லை. துண்டுகளைக் கூட்டி அள்ளினேன், குப்பையில் போட மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க வரலாறு படிப்பித்தவர் நீங்கள். சண்டைக்குத் தப்பி லண்டனில் குட்மேய்ஸுக்கு வந்து பெற்றோல் ஸ்டேஷனில் வேலைக்கு நின்றீர்கள். படிப்பிக்க இங்கே யார் இருந்தார்கள்? அகப்பட்டது நானும் என் தம்பியும்தான். சோறு போட்டால் மரதன் போர், தேத்தண்ணி ஊற்றினால் தெர்மோப்பிலிப் போர். "அத்தான், அந்த முந்நூறு பேரையும் கெதியாச் சாகவிடுங்கோவன், கறி ஆறுது" என்று தம்பி கும்பிடுவான். நீங்கள் சிரிப்பீர்கள். உங்களுக்குக் கோபமே வராதது எனக்குக் கோபமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊத்தை உடுப்பு மூட்டையை லோண்டறிக்கு யார் தூக்குவது என்று சண்டை. அதற்கும் நீங்கள் ஏதென்ஸிலிருந்துதான் வழி கொண்டுவந்தீர்கள். ஒருவர் அளவுக்கு மிஞ்சி வளர்ந்துவிட்டார் என்று பயந்தால் அந்த ஊர்ச் சனங்கள் பானை ஓட்டில் அவர் பெயரைக் கீறிப் போடுவார்களாம். கூட ஓடு விழுந்தவர் பத்து வருடம் வெளியூரில் இருக்கவேண்டும். காணி பூமி பறிபோகாது. பத்து வருடம் முடிந்ததும் மரியாதையாகத் திரும்பி வரலாம். நாங்களும் உடைந்த கோப்பைத் துண்டுகளில் பெயர் எழுதிப் பால்மா ரின்னுக்குள் போடத் தொடங்கினோம். மகள் அப்போது சின்னப்பிள்ளை, அவளுக்கு வாக்கு இல்லை. நானும் தம்பியும் சேர்ந்துவிட்டால் உங்கள் கதை முடிந்தது. மழைக்குள் மூட்டையோடு நீங்கள் போவதை யன்னலில் நின்று பார்த்துச் சிரிப்போம்.

ஒருநாள் ரொட்டிக்கு மா குழைத்த கையோடு நின்றேன். "என்னால எழுதேலாது, எனக்கும் சேர்த்து நீங்களே எழுதிப் போடுங்கோ" என்றேன்.

"ஆற்றை பெயர்?"

"வேற ஆற்றை? உங்கடதான்."

மறுபேச்சு இல்லாமல் உங்கள் பெயரை வடிவாக எழுதினீர்கள். எழுதி முடித்த பிறகுதான் அரிஸ்தீதிஸின் கதையைச் சொன்னீர்கள். நேர்மைக்குப் பெயர்போன மனிதர். எழுதத் தெரியாத ஒருவன், ஆளை அறியாமல், அவரிடமே ஓட்டை நீட்டி அரிஸ்தீதிஸ் என்று எழுதித் தரச் சொன்னானாம். அவர் உனக்கு என்ன கெடுதல் செய்தார் என்று கேட்டால், ஒன்றுமில்லை, அவரை நேர்மையானவர் என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்விட்டது என்றானாம். அவர் பேசாமல் எழுதிக் கொடுத்தாராம். "உமக்கும் அலுத்துப்போச்சுப் போல" என்று சொல்லி மூட்டையைத் தூக்கினீர்கள். அந்தத் துண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு விளையாட்டாக இருந்த அந்தப் பத்து வருடக் கணக்கை நீங்கள் உண்மையாகவே நம்பியிருந்தீர்கள். வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரே பேச்சு: "பத்து வருசம்தானப்பா, பிறகு வீட்டை போயிடுவம்." நல்ல கட்டில் ஒன்று வாங்குவோம் என்றால், திரும்பிப் போகிற ஆட்களுக்கு எதற்கு என்பீர்கள். பாரசீகர் படையெடுத்து வந்தபோது அரிஸ்தீதிஸைத் தவணை முடியமுன்னமே திருப்பி அழைத்தார்கள். எங்களை ஒருவரும் அழைக்கவில்லை. எங்கள் வீட்டையும், ஊர்ச்சனம் சாம்பல் கரைக்கிற கீரிமலைக் கடற்கரையையும் சேர்த்து ஆமி முள்ளுக்கம்பி அடித்து மறித்துவிட்டது என்ற செய்திதான் வந்தது.

அன்றிலிருந்து நீங்கள் அரிஸ்தீதிஸை விட்டுவிட்டுத் தெமிஸ்தோக்கிளிஸைப் பிடித்துக்கொண்டீர்கள். சலாமிஸ் கடலில் பாரசீகரை முறியடித்து ஏதென்ஸைக் காப்பாற்றியவர். அவரையும் அதே ஊர் ஓடு போட்டு அனுப்பியது, பிறகு துரோகி என்றது. கடைசியில் பாரசீக அரசனிடமே போய் அடைக்கலம் கேட்டார். அரசன் ஊர்களையே எழுதிக் கொடுத்து வைத்திருந்தானாம். "அந்தாளுக்கும் அசைலம் கிடைச்சது. வீடு கிடைக்கேல்லை" என்றீர்கள். நான் பருப்புக் கடைந்துகொண்டு நின்றேன், திரும்பவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

பத்து வருடம் நிறையமுன்னமே நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வயர்களோடு கிடந்தும் தெமிஸ்தோக்கிளிஸ்தான். துரோகி என்றவரை ஊர் மண்ணில் புதைக்கக்கூடாதாம். ஆனாலும் அவருடைய எலும்பைச் சொந்தக்காரர் ஒளித்துக் கொண்டுபோய் அங்கேயே புதைத்ததாக ஒரு கதை உண்டு என்றீர்கள்.

"என்னைத் தேம்ஸில விட்டிடாதையும். கீரிமலைக் கடலில கரையும்."

"விசர்க்கதை கதையாதையுங்கோ."

"ஓமெண்டு சொல்லும்."

ஓம் என்றேன். நாங்கள் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

உங்கள் சாம்பல் இன்னும் என் அலுமாரியில், சிவப்புத் துணி கட்டிய செம்பில் இருக்கிறது. வீட்டில் வைக்கக்கூடாது என்று கோயிலில் காண்கிற எல்லாரும் சொல்லிவிட்டார்கள். "அக்கா, எந்தத் தண்ணியும் கடைசியில ஒரே கடலுக்குத்தானே போகுது" என்றான் தம்பி. "அப்ப நீ போய் லோண்டறித் தண்ணியில தீர்த்தமாடு" என்றேன். இப்போது அவன் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எனக்குத்தான் பயம். கம்பி எப்போது அகலும் என்று தெரியவில்லை. நான் அதுவரை இருப்பேனா என்றும் தெரியவில்லை.

அதனால்தான் இன்று உடைந்த துண்டுகளில் ஒன்றைக் கழுவித் துடைத்து, என் பெயரை எழுதி, செம்புக்கு முன்னால் உங்கள் துண்டோடு சேர்த்து வைத்தேன். உங்கள் எழுத்து மங்கிவிட்டது, ஆனாலும் வாசிக்கலாம். மகள் வந்து பார்த்தாள்.

"ஏனம்மா உங்கட பெயர்?"

"நானும் வெளியாலதானே நிக்கிறன். பாதை திறந்தால் அப்பாவை நான் கொண்டுபோவன். எனக்கு ஏலாமல் போனால் நீ ரெண்டு பேரையும் கொண்டுபோ."

"அம்மா, ப்ளீஸ்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஓமெண்டு சொல்லு" என்றேன்.

அவள் அந்த இரண்டு துண்டுகளையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஓம் என்றாள்.